செத்த நாய் மூன்று மாதம் விளையாடியது

இருபத்தாறு வருடம் எங்கள் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்து இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன பேசினாலும் தட்ட வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. என்னைப் போன்ற வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிபதியும் விதித்திருக்க முடியாது. கண்ணெதிரே புளுகுகிறவனின் புளுகைக்கூட ஒரு சொல் பிசகாமல் தட்டியிருக்கிறேன். போன ஜூனில் ஓய்வு பெற்றேன். இனி என் வாயை அடைக்க யாருக்கும் அதிகாரமில்லை. அதனால் ஆர்லிஸ் ஹாவ்லிக்கைப் பற்றிச் சொல்லப்போகிறேன். குழந்தையின் பெயரையும் அவள் வீட்டார் பெயரையும் மாற்றியிருக்கிறேன், சட்டம் அப்படி. நாயின் பெயரை மாற்றவில்லை. நாய்க்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது.

ஆர்லிஸ் எனக்குப் பள்ளிக்கூடத் தோழி. முப்பத்தொரு வருடம் சூட்டுக்குறி ஆய்வாளராக வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் வியாழக்கிழமைதோறும் மாட்டுச் சந்தை. விற்பனைக்கு வருகிற ஒவ்வொரு மாட்டின் மேலும் இருக்கும் சூடு விற்கிறவனுடையதுதானா என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் பாதி மாவட்டம் பக்கத்து வீட்டு மாட்டை விற்றுத் தின்றுவிடும். குளிர்காலத்தில் ரோமம் மண்டிக் குறி தெரியாது. ஆர்லிஸ் கத்தரியை எடுத்துக்கொண்டு மாட்டோடு மாடாக நின்று ரோமத்தை வழித்துப் பார்ப்பாள். அப்படிப் பார்த்தபோது ஒரு காளை உதைத்து இடது காது போனது. அதனால் ரகசியத்தைக்கூடக் கூவித்தான் சொல்லுவாள்.

"காகிதத்துல பதினொண்ணுன்னு தெளிவா போட்டிருக்கே ஆர்லிஸ், போக விடேன்" என்று எவனாவது கெஞ்சினால் ஒரே பதில்தான்.

"காகிதம் புல்லு திங்காது. மாட்ட எறக்கு, எண்ணிக்கிறேன்."

அவளை இந்த வேலையில் மாட்டிவிட்டது நான். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. தேவாலய அடித்தளத்தில் ஒரு மதிய விருந்து. எங்கள் பக்கம் மிளகாய்ப் பீன்ஸ் குழம்புக்கு இலவங்கப்பட்டை ரொட்டிதான் ஜோடி, அதைத் தோய்த்துத் தின்றுகொண்டே, ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் பொழுது போகவில்லை என்று ஒரு மணி நேரம் புலம்பினாள்.

"நாள் பூரா டிவியத் திட்டிட்டுக் கெடக்கேன், மாவிஸ்."

"டிவியத் திட்டறதுக்கு மனுஷங்களத் திட்டேன்டி. எங்க கோர்ட்டுல ஆள் தேடறாங்க. அடிபட்ட கொழந்த, அம்மா அப்பா கைவிட்ட கொழந்தைங்க இருக்கு பாரு, அதுங்களுக்காக வந்து பேசணும். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு கொழந்ததான்."

"சம்பளம்?"

"கெடையாது."

"பெட்ரோலு?"

"அதுவும் ஒன்னுதுதான்."

"அப்ப நெசமாவே வேல இருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த ரொட்டியையும் எடுத்துக்கொண்டாள்.

முப்பது மணி நேரப் பயிற்சி. பிறகு நீதிபதி ஹோல்ம் முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்தாள், நான்தான் தட்டினேன். தன்னார்வலர்களை மேய்க்கிற கார்லா அவளுக்குக் கழுத்தில் மாட்ட ஒரு அட்டையும், கூடாதவற்றின் பட்டியலும் கொடுத்தாள். குழந்தையை உன் வண்டியில் ஏற்றக் கூடாது. பரிசு வாங்கித் தரக் கூடாது. வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. எந்த வாக்கும் கொடுக்கக் கூடாது, ஒன்றைத் தவிர. "உன் வழக்கு முடியறவரைக்கும் நான் இருப்பேன்" என்று மட்டும் சொல்லலாம். ஏனென்றால் மற்ற எல்லோரும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

ஆர்லிஸுக்குக் கிடைத்த குழந்தை பிரின்லி. அப்போது ஏழு வயது. அம்மா கேண்டிஸ் போதை மருந்து தேடிப் போய் மூன்று நாள் திரும்பி வரவில்லை. இந்தப் பெண் சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டில் தனியாக வெறும் கார்ன்ஃப்ளேக்ஸைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறாள். தனியாக என்பதும் தப்பு. கிரேவி என்று ஒரு பழுப்பு நாய். கார்ன்ஃப்ளேக்ஸை எண்ணிப் பாதிப் பாதியாகப் பங்கு போட்டிருக்கிறாள். போலீஸ் வந்தபோது நாய்க்குத்தான் கொஞ்சம் அதிகம் போயிருந்தது. அந்த வீட்டுக்குள் நுழைந்த போலீஸ்காரர் சாட்சி சொல்லும்போது எண்ணிக்கையைச் சொல்லி நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொண்டேன், விசையெல்லாம் மங்கலாகத் தெரிந்தது.

குழந்தை ஊர் ஓரத்தில் ஒரு வளர்ப்பு வீட்டுக்குப் போனாள், நாய் பக்கத்து வீட்டுக்குப் போனது. ஆர்லிஸ் கொடுத்த முதல் அறிக்கையில் ஒரே பரிந்துரை: நாயை வாரம் ஒரு முறை குழந்தையிடம் கூட்டி வர வேண்டும். வக்கீல்கள் சிரித்தார்கள். ஹோல்ம் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் மூன்று நாய். அப்படியே உத்தரவு போட்டார், அதோடு இனி இந்த வழக்கில் வருகிற ஒவ்வொரு அறிக்கையிலும் நாயைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஒரு வரியால்தான் இந்தக் கதை.

ஒன்றரை வருடத்தில் குழந்தைகள் நலத் துறையிலிருந்து மூன்று பேர் மாறினார்கள். மூன்றாவதாக வந்தவள் டிரினா, இருபத்துநான்கு வயது, கையில் நாற்பத்தொரு குழந்தைகள். குழந்தைக்கென்று அரசு ஒரு வக்கீலையும் போட்டிருந்தது. அந்த மகானுபாவன் வழக்கு நாளன்று தாழ்வாரத்தில் இரண்டு நிமிடம் குனிந்து, "எப்படி இருக்க, பிரிட்னி?" என்று கேட்பான். பெயர் பிரின்லி என்று அவள் ஒரு தடவை திருத்தினாள். அப்புறம் விட்டுவிட்டாள். எட்டு வயதுக்குள் ஒரு பிள்ளை 'போகட்டும்' என்று விடக் கற்றுக்கொண்டால் அதற்குப் பெரியவர்கள் எல்லோரும் வெட்கப்பட வேண்டும்.

கேண்டிஸ் சிகிச்சை எடுத்துக்கொண்டாள். உண்மையாகவே எடுத்துக்கொண்டாள், அதை மறுக்கமாட்டேன். செப்டம்பரில் சோதனையாகக் குழந்தையையும் நாயையும் அவளிடம் திருப்பிக் கொடுத்தார்கள். ஊரிலிருந்து நாற்பது மைல், பாதி வழி சரளை ரோடு. செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் ஆர்லிஸ் போய்ப் பார்த்தாள். நவம்பரில் தன் வீட்டுப் படியில் பனியில் சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டாள். டிசம்பரில் நடந்த விசாரணைக்கு ஊன்றுகோலோடு வந்தாள். எல்லா அறிக்கையும் நன்றாக இருக்கவே, மார்ச்சில் வழக்கை முடித்துவிடலாம் என்று ஹோல்ம் தேதி குறித்தார். வழக்கு முடிந்தால் அதற்குப் பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கும் உரிமை கிடையாது. ஆர்லிஸுக்கும்தான்.

மாவுக்கட்டு பிரித்த மறுநாள், விசாரணைக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஆர்லிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடி சொல்கிறேன். முற்றத்தில் தெரியாத ஒரு ஆணின் வண்டி நின்றது. நாயின் தட்டு கவிழ்ந்து கிடந்தது, மேலே பனி கட்டி கட்டியாக இறுகியிருந்தது. நேற்று இன்று கவிழ்ந்த தட்டு இல்லை. பிரின்லி படியில் மேல்கோட்டு இல்லாமல், காதுவரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"கிரேவி எங்க கண்ணு?"

"இல்ல."

"இல்லன்னா?"

"வான்கோழி சாப்பிடற நாளுக்கு முந்தின நாள் ராய்ஸ் வண்டில ஏத்திட்டுப் போனாரு. வரும்போது அவரு மட்டுந்தான் வந்தாரு."

வான்கோழி நாள் என்றால் நவம்பர் கடைசியில் வருகிற நன்றி சொல்லும் பண்டிகை. ராய்ஸ் யார் என்று ஆர்லிஸுக்குத் தெரியாது. எந்த அறிக்கையிலும் அந்தப் பெயர் இல்லை.

"எதுக்கு ஏத்திட்டுப் போனாரு?"

"அது அவரக் கடிச்சிருச்சு."

"கிரேவியா? அது ஈயக்கூடக் கடிக்காதே. எதுக்குக் கடிச்சுது?"

குழந்தை தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு என் முடியப் புடிச்சிருந்தாரு."

"தொப்பியக் கொஞ்சம் கழட்டிக் காட்றியா? வேணாம்னா வேணாம், ஒண்ணும் இல்ல."

கழற்றினாள். வலது காதுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. பழைய தழும்பு ஒன்று, அதன் ஓரத்தில் புதிதாகச் சிவந்தது ஒன்று. முப்பத்தொரு வருடம் ரோமத்தை விலக்கிப் பார்த்தே பிழைத்தவள் ஆர்லிஸ். எது எத்தனை நாள் புண் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"இத ஸ்கூல்ல யாரும் பாக்கலையா?"

"படர்தாமரைன்னு அம்மா சீட்டு எழுதிக் குடுத்தாங்க. தொப்பி போட்டுக்கலாம்னு சொல்லிட்டாங்க." பிறகு, "மிஸ் ஆர்லிஸ், நீங்க ஏன் வரல?" என்று கேட்டாள்.

காலை உடைத்துக்கொண்டதாகச் சொன்னாள் ஆர்லிஸ். குழந்தை அதை ஏற்றுக்கொண்டு தலையாட்டினாள். "அதான் எனக்குத் தாங்கலடி" என்று என்னிடம் சொன்னாள். "கோவிச்சுக்கிட்டிருந்தா பரவால்ல. தலையாட்டறா!"

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. புகார் எண்ணுக்குப் போன் அடித்தாள். ஏற்கெனவே வழக்கு நடக்கிற குழந்தை என்பதால் அந்த வழக்கைப் பார்க்கிறவரிடமே சொல்லுங்கள் என்றார்கள். டிரினாவுக்கு அடித்தாள். செய்திப் பெட்டி நிரம்பிவிட்டது என்று ஒரு இயந்திரம் சொன்னது. போலீஸ் உதவி அதிகாரி ஒருவர் போய் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "படர்தாமரையாம், மருந்து போடறாங்களாம்" என்று திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கார்லாவோ, "எழுத்துல குடு, ஆனா ஏழு நாளுக்கு முன்னாடி குடுத்திருக்கணும், இப்ப ஆறு நாள்தான் இருக்கு" என்றாள். ஒரு குழந்தையின் தலையில் முடி பிடுங்கப்பட்டிருக்கிறது, இவர்கள் நாட்காட்டியை வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணுகிறார்கள்.

ஆர்லிஸ் என்ன செய்தாள் தெரியுமா? ஆறு நாளும் அந்த டிரெய்லர் வீட்டுக்கு எதிரே சரளை ரோட்டோரம் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். பள்ளிப் பேருந்து மூன்று ஐம்பதுக்கு வரும். குழந்தை இறங்குவாள், இவளைப் பார்ப்பாள், உள்ளே போவாள். இருட்டும்வரை இவள் அங்கேயே இருப்பாள். சனி ஞாயிறு பேருந்து கிடையாது, அன்றைக்குக் காலையிலேயே போய்விட்டாள். இரண்டாம் நாள் ராய்ஸ் வெளியே வந்தான்.

"ஏய் கெழவி, ஒனக்கு இங்க என்ன வேல?"

"பறவ பாக்கறேன்."

"இந்தக் குளிர்ல என்ன பறவ?"

"ஒண்ணு இருக்கு. பெருசாக் கத்தும், சின்னதுங்களப் பாத்துத்தான் கொத்தும்."

"போலீஸக் கூப்புடுவேன்."

"கூப்புடு. பொது ரோடுப்பா இது. யாரும் நிக்கலாம்" என்று சொல்லிச் சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பினாள். அந்த ஆறு நாளும் அவன் குழந்தை மேல் கை வைக்கவில்லை. அரசாங்கம் முழுவதும் சேர்ந்து செய்யாததை ஒரு பழைய வண்டியும் ஒரு செவிட்டுக் காதும் செய்தன.

விசாரணை நாள் காலை. பிரின்லி பள்ளியில் இருந்தாள். கேண்டிஸ் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தாள். முழுக்கை, கழுத்துவரை பொத்தான். அவளையும் ராய்ஸ் விட்டுவைத்திருக்க மாட்டான் என்று அப்போதே நினைத்தேன். அதற்காக என் கோபம் குறையவில்லை, எங்கே காட்டுவது என்றுதான் தெரியவில்லை. சான்றுகளுக்கு எண் ஒட்டுவதும் என் வேலை. டிரினாவின் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி அறிக்கைகளுக்கு எண் ஒட்டினேன். மூன்றிலும் தேதி மட்டும் வேறு. மீதியெல்லாம் ஒன்றே: 'பிரின்லி நலமாக இருக்கிறாள். வீடு சுத்தமாக இருக்கிறது. நாயுடன் முற்றத்தில் விளையாடுகிறாள்.'

கேண்டிஸின் வக்கீல் ஓபர்லி. கெட்டிக்காரன், அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. ஆர்லிஸின் அறிக்கை தாமதம் என்று எழுந்தான். ஹோல்ம் விதிப்படி அறிக்கையைத் தள்ளிவிட்டார், ஆனால் அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிப் பேசச் சொன்னார். ஆர்லிஸ் நொண்டி நொண்டி ஏறினாள். தொப்பி, தழும்பு, ராய்ஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு நாய்க்கு வந்தாள்.

"ஐயா, அந்த நாய் நவம்பர்லயே போயிருச்சு. இவங்க அறிக்கையில அது மூணு மாசமா வெளயாடிட்டிருக்கு. அந்த வீட்டுக்கு யாரும் போகல. போயிருந்தா நாய் இல்லன்னு தெரிஞ்சிருக்கும். நாய் ஏன் இல்லன்னு கேட்டிருந்தா எல்லாமே தெரிஞ்சிருக்கும்."

டிரினாவின் முகம் வெளுத்தது. நல்லது என்று நினைத்தேன். அப்போதுதான் ஓபர்லி மெதுவாக எழுந்து, கையில் ஒரு காகிதத்தோடு கூண்டருகே போனான்.

"மிஸ் ஹாவ்லிக், டிசம்பர் மாசம் நீங்களும் ஒரு அறிக்கை குடுத்தீங்க, இல்லையா?"

"குடுத்தேன்."

"கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"கடைசி வரியப் படிச்சுக் காட்றீங்களா?"

ஆர்லிஸ் படிக்கவில்லை. அவனே படித்தான். "'நாயுடன் முற்றத்தில் விளையாடுகிறாள்.' செத்துப்போன நாய், மேடம். எப்படி வெளயாடுச்சு?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.    பின்னால் கார்லா தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள், சொல்லாதே என்று. தப்பிக்க வழி இருந்தது. கேண்டிஸிடம் தொலைபேசியில் பேசியிருந்தாள், கேண்டிஸ்தான் அப்படிச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மை. இந்த அறையில் பாதி உண்மைகளைத் தட்டித் தட்டியே என் விரல் தேய்ந்திருக்கிறது.

ஆர்லிஸ் ஓபர்லியைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்த்தாள்.

"நான் போகல ஐயா. கால் ஒடஞ்சிருந்துச்சு. போகலன்னு எழுதியிருக்கணும். எழுதினா என்னை எடுத்துட்டு வேற ஆளப் போட்டுருவாங்களோன்னு பயந்தேன். கடைசிவரைக்கும் இருப்பேன்னு அந்தக் கொழந்தைக்கு வாக்குக் குடுத்திருந்தேன். அதனால போன் பண்ணிக் கேட்டேன், எல்லாம் நல்லாருக்குன்னாங்க. மிச்சத்த டிரினாவோட அறிக்கையப் பாத்து எழுதினேன். ஒரு வரி விடாம. அது பொய். நான் எண்ணாம எழுதின மொத மாடு அதுதான், ஐயா. என் பொய்ய நான் சொல்லிட்டேன். அவங்க பொய்ய அவங்க சொல்லட்டும்."

ஓபர்லி உட்கார்ந்தான். அவன் கேட்டது வேறு, அவனுக்குக் கிடைத்தது வேறு. இவளைப் பொய்க்காரி என்று காட்டவே எழுந்தான். இவளே அதைச் சொல்லிவிட்ட பிறகு, இவள் எதிலிருந்து காப்பியடித்தாளோ அந்தக் காகிதம்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது.

ஹோல்ம் டிரினாவின் பக்கம் திரும்பினார். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். "நாய் என்ன கலரும்மா?"

டிரினா தன் கோப்பைப் புரட்டினாள்.

"மூணு மாசமா அது வெளயாடறதப் பாக்கறீங்க. என்ன கலரு?"

"நான்... அக்டோபர்ல ஒரு தடவ போனேன் ஐயா. அப்பறம் போக முடியல. நாப்பத்தொரு கொழந்தைங்க ஐயா." அழுதாள். அழட்டும். எனக்கு அவள் மேல் இரக்கம் வந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது. நாற்பத்தொரு குழந்தைகளை ஒரு சின்னப் பெண் தலையில் கட்டிவிட்டு வருடாந்தர விருந்தில் கைதட்டிக்கொள்கிற பெரிய ஆட்கள் யாரும் அன்று அந்த அறைக்கு வரவில்லை. வந்திருந்தால் என் இயந்திரத்தைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டிருப்பேன்.

அன்று மத்தியானமே பள்ளியிலிருந்து பிரின்லியை அழைத்துப் போனார்கள். மருத்துவர் தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். படர்தாமரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ராய்ஸைக் கைது செய்தார்கள். குழந்தை ஊர் ஓரத்தில் இருந்த பழைய வளர்ப்பு வீட்டுக்கே திரும்பினாள். வழக்கு மூடப்படவில்லை. ஆர்லிஸ் எதற்காக நாற்பது மைல் போய் வந்தாளோ அது நடந்தது.

நடந்த மற்றதையும் சொல்கிறேன். சத்தியம் செய்துவிட்டுப் பொய் அறிக்கை கொடுத்த தன்னார்வலரை வைத்திருக்க முடியாது. விதி அது. அன்று மாலையே தாழ்வாரத்தில் கார்லா கையை நீட்டினாள். ஆர்லிஸ் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"ஒரே ஒரு தடவ போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன், கார்லா. நான் ஏன் வரமாட்டேன்னு நானே சொல்றேன். அஞ்சு நிமிஷம்."

"முடியாது ஆர்லிஸ். நீக்கப்பட்டவங்க பாக்கக் கூடாது. நாங்க பக்குவமாச் சொல்லிக்கறோம்."

"பக்குவமாவா?" என்றாள் ஆர்லிஸ். 

மறுநாள் நீக்க உத்தரவு வந்தது. ஹோல்ம் சொல்லச் சொல்ல நான்தான் தட்டினேன்: ஆர்லிஸ் ஹாவ்லிக் இக்குழந்தையோடு பேசவோ, எழுதவோ, பரிசு அனுப்பவோ கூடாது. மூன்று பொய் எழுதிய டிரினாவைத் துறை வேறு ஊர் அலுவலகத்துக்கு மாற்றியது. ஒரு பொய் எழுதி அதை ஒத்துக்கொண்டவளை நீதிமன்றம் வாசலோடு அனுப்பியது. பொய் எழுதுவது இங்கே பெரிய குற்றமில்லை, ஒத்துக்கொள்வதுதான் குற்றம். இருபத்தாறு வருடத்தில் நீதியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

மே மாதம் அடுத்த விசாரணை. புதிதாக நியமிக்கப்பட்ட தன்னார்வலர் ஒரு வங்கி மேலாளரின் மனைவி. நல்ல பெண், கையெழுத்துகூட அழகு. அவள் அறிக்கைக்கு எண் ஒட்டும்போது படித்தேன். 'குழந்தையின் விருப்பம்' என்று ஒரு கட்டம் உண்டு. குழந்தை என்ன கேட்கிறதோ அதை அப்படியே எழுத வேண்டும். அதில் எழுதியிருந்தது: 'குழந்தை மிஸ் ஆர்லிஸ் எப்போது வருவார் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறாள். அவர் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டதாகக் குழந்தைக்குச் சொல்லப்பட்டது.'

சொல்லப்பட்டதாம். யார் சொன்னது? எந்த வாய்? பொய் எழுதினாள் என்று ஒருத்தியை விரட்டிவிட்டு, அந்த விரட்டலைக் குழந்தையிடமிருந்து மறைக்க இன்னொரு பொய். அதுவும் இந்தக் குழந்தையிடம். நாய் எங்கேயோ போய்விட்டது, அம்மா எங்கேயோ போனாள், இப்போது ஆர்லிஸும் எங்கேயோ போய்விட்டாள். அந்த வளர்ப்பு வீட்டிலிருந்து ஆர்லிஸ் வீடு இரண்டு மைல்கூட இல்லை. எண் ஒட்டுகிற பசை என் விரலில் காய்ந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலம் நேராக ஆர்லிஸ் வீட்டுக்குப் போய் அந்த வரியை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். என் வேலைக்காலத்தில் நான் மீறிய ஒரே விதி அது. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"உத்தரவுல என்ன இருக்கு? சரியாச் சொல்லு" என்றாள்.

"பேசக் கூடாது. எழுதக் கூடாது. பரிசு அனுப்பக் கூடாது."

"நிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

"இல்ல. நான்தானே தட்டினேன். அப்படி ஒரு வார்த்த இல்ல."

அந்த வெள்ளிக்கிழமை நானும் அவளோடு போனேன். வளர்ப்பு வீட்டுக்குப் போகும் கிளைச் சாலை பிரிகிற இடத்தில் பள்ளிப் பேருந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில், நூறு அடி தள்ளி, வண்டியை நிறுத்தினாள். கதவைத் திறந்து கீழே இறங்கி நின்றாள். கையை அசைக்கவில்லை, கூப்பிடவில்லை, இரண்டு கையையும் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டாள். காற்று சரளையை வாரி அடித்தது.

பேருந்து வந்து போனது. பிரின்லி புத்தகப் பையை முதுகில் மாட்டியபடி நின்றாள். எங்களைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். வேறு ஊருக்குப் போனவள் இங்கே எப்படி நிற்கிறாள் என்று அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. ஓடி வந்துவிடுவாளோ என்று பயந்தேன். வரவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கித் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றினாள். வலது காதுப் பக்கத்தை எங்களுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டினாள். முடி முளைத்திருந்தது. குட்டையாக, குத்திட்டு, மற்ற முடியோடு சேராமல். காட்டிவிட்டுத் தொப்பியை மாட்டாமலே கையில் பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆர்லிஸ் வண்டியில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினாள். கன்னமெல்லாம் ஈரம், அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஒண்ணு" என்றாள், சந்தையில் எண்ணுகிற அதே குரலில். "கண்ணால பாத்தாச்சு. எழுதிக்கோ மாவிஸ்."

"என்கிட்ட மெஷின் இல்லியேடி."

"அப்பறமா எழுது. ஆனா எழுது."

எழுதிவிட்டேன்.